களப் பணியாளர்களின் கைபேசிகளுக்கு எந்த மின்னஞ்சல், நாள்காட்டிச் சேவை பொருந்தும்?

குளிர்ப்பெட்டி (கேள்வி)

வணக்கம். குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரங்களைப் பொருத்திப் பராமரித்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. மொத்தம் 14 பேர். அவர்களில் 9 பேர் தொழில்நுட்பப் பணியாளர்கள். காலையில் வண்டியை எடுத்தால் மாலையில்தான் அலுவலகத்துக்குத் திரும்புவார்கள், சில நாட்களில் அதுவும் இல்லை. யார் எங்கே எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்பதை அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கிறார்.

எங்கள் இணையதளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் அதனுடன் சேர்த்துத் தந்த மின்னஞ்சலையே இதுவரை பயன்படுத்தி வருகிறோம். அலுவலகக் கணினியில் பாப்3 முறையில் (அஞ்சலைக் கருவிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) அமைத்திருக்கிறோம். கைபேசிகளில் சிலருக்குப் பாப்3, சிலருக்கு ஐமேப் (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை). நாள்காட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. பகிரப்பட்ட விரிதாள் ஒன்றில் வேலைகளை எழுதிவைத்து, மாற்றம் ஏதேனும் வந்தால் குறுஞ்செய்தி அனுப்புவோம்.

சென்ற மாதம் இந்த ஏற்பாடு எங்கள் காலை வாரிவிட்டது. 10 மணிக்கு என்று பேசியிருந்த வேலையை 8 மணிக்கு மாற்றும்படி ஒரு வாடிக்கையாளர் முந்தின நாள் இரவு எங்கள் பொது முகவரிக்கு எழுதியிருக்கிறார். இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருந்த அலுவலகக் கணினி அந்த அஞ்சலை இறக்கிக்கொண்டு, சர்வரிலிருந்து நீக்கிவிட்டது. அதே முகவரியைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த பணியாளருக்கு அது வரவே இல்லை. அவர் 10 மணிக்குப் போய் நின்றபோது, அங்கே இரண்டு மணி நேரமாகச் சரக்கையெல்லாம் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ மெயில் ஆகிய மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். விளம்பரப் பக்கங்களில் சேமிப்பிடத்தின் அளவைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். எங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. கைபேசிகள் எல்லாம் பணியாளர்களின் சொந்தக் கைபேசிகள்: 3 ஐபோன், மற்றவை ஆண்ட்ராய்டு. கிடங்குகளின் தடித்த சுவர்களுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. அலுவலகத்தில் செய்த மாற்றம் சில நிமிடங்களுக்குள் கைபேசியில் தெரிய வேண்டும். கைபேசி தொலைந்தால் அதிலிருக்கும் வாடிக்கையாளர் விவரங்களை அழிக்க முடிய வேண்டும். எதை வைத்து முடிவு செய்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய நிர்வாகி

நிறுவனத்தின் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அஞ்சலும் நாள்காட்டியும் கைபேசிக்கு எந்த நெறிமுறை (கருவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) வழியாக வந்து சேர்கின்றன என்பதை முதலில் பாருங்கள். உங்களுக்கு நேர்ந்தது பழுது அன்று. பாப்3 தன் இயல்புப்படி நடந்துகொண்டிருக்கிறது. ஒரே ஒரு கணினி வந்து அஞ்சலை எடுத்துக்கொண்டு போகும் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்ட முறை அது. ‘சர்வரில் நகலை விட்டுவை’ என்ற அமைப்பைப் போட்டால் அஞ்சல் மறையாது என்றாலும், எது படித்தது, எது படிக்காதது, எதற்குப் பதில் போயிற்று என்பது ஒவ்வொரு கருவியிலும் வேறு வேறாக இருக்கும். ஐமேப் முறையில் அந்த நிலை முழுவதும் சர்வரிலேயே இருப்பதால், ஒருவர் திறந்த அஞ்சல் எல்லாக் கருவிகளிலும் திறந்ததாகவே தெரியும்.

ஆனால் ஐமேப் அஞ்சலோடு நின்றுவிடுகிறது. நாள்காட்டியும் தொடர்புப் பட்டியலும் அதன் வழியாக வருவதில்லை. அவற்றுக்கென்று கால்டாவ் 2007-லும், கார்டுடாவ் 2011-லும் தரநிலைகளாக வெளியாயின. ஐபோனில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் பொதுவாக இல்லை, டாவ்எக்ஸ்5 போன்ற செயலியைத் தனியாக நிறுவ வேண்டும். இப்போதைய ஹோஸ்டிங்கிலேயே ஐமேப், கால்டாவ் இரண்டையும் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாரேனும் உங்களுக்குச் சொல்லக்கூடும். முடியும்தான். ஆனால் ஆறு ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அந்தச் செயலியை நிறுவி, கடவுச்சொல் மாறும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்ப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க் என்பது அஞ்சல், நாள்காட்டி, தொடர்புகள் மூன்றையும் ஒரே இணைப்பில் கொண்டுவருவது. மைக்ரோசாஃப்ட் 365 இதைத் தருகிறது. ஸோஹோ மெயிலின் கட்டணத் திட்டங்களிலும் உண்டு. இதில் மாற்றம் உடனுக்குடன் வந்து சேரும் விதம் எளிமையானது. கைபேசி சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்பி, ‘இன்னின்ன கோப்புறைகளில் இத்தனை நிமிடங்களுக்குள் ஏதேனும் மாறினால் சொல்’ என்கிறது. சர்வர் உடனே பதில் சொல்லாமல் அந்தக் கோரிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும். புதிய அஞ்சலோ நாள்காட்டி மாற்றமோ வந்த கணத்தில் பதில் போகும். எதுவும் வராவிட்டால் கெடு முடிந்ததும் வெறும் பதில் போகும், கைபேசி மறுபடியும் கேட்கும்.

ஐமேப்பிலும் இதற்கு ஐடில் என்றொரு வசதி 1997 முதல் இருக்கிறது. ஆனால் ஐபோனின் சொந்த அஞ்சல் செயலி அதைப் பயன்படுத்துவதில்லை. சாதாரண ஐமேப் கணக்கை அதில் சேர்த்தால், தானாகப் போய்ப் பார்க்கும் இடைவெளியை 15 நிமிடத்துக்குக் கீழே வைக்க வழியில்லை. கூகுள் கணக்கை அதே செயலியில் சேர்த்தாலும் இதே கதைதான். ஜிமெயில் செயலியை நிறுவினால் உடனே வரும். ஆகவே சேவையைப் பற்றிக் கேட்கும்போது, எந்தச் செயலியில் பார்க்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365-இன் அஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் கால்டாவை ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டாவ்எக்ஸ்5 நிறுவிய கைபேசியில் அந்த நாள்காட்டியை அப்படியே கொண்டுவர முடியாது.

தெருமுனை

முந்தைய பதிலில் சொன்ன நெறிமுறை விவரங்கள் சரியானவை. ஆனால் 14 பேர் இருக்கும் இடத்தில் நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். எந்தச் சேவையை எடுக்கிறீர்களோ அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலியையே எல்லோருக்கும் போட்டுவிடுங்கள். பாதித் தலைவலி தீர்ந்துவிடும். கைபேசியோடு வரும் அஞ்சல் செயலி ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். உங்களிடம் எத்தனை வகை ஆண்ட்ராய்டு இருக்கிறதோ அத்தனை வகைக் குறைகளை விசாரிக்க நேரும்.

உங்கள் நிலைமையில் நான் முதலில் சோதிப்பது சிக்னல் இல்லாத இடத்தைத்தான். மூன்று சேவைகளிலும் இலவசச் சோதனைக் காலத்துக்குப் பதிந்துகொண்டு, ஒரு கைபேசியில் கணக்கைச் சேர்த்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் விமானப் பயண நிலையில் போட்டுவிட்டு, பத்து நாளுக்கு முன் வந்த அஞ்சலைத் தேடுங்கள், அதிலிருக்கும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள், நாளைய வேலையின் முகவரியைப் பாருங்கள், ஒரு பதில் எழுதி அனுப்புங்கள். அஞ்சலின் வாசகம் கைபேசியில் இருக்கும், இணைப்புக் கோப்பு இருக்காது என்பது பலருக்கும் கிடங்குக்குள் போன பிறகுதான் தெரியவரும். ஆண்ட்ராய்டின் ஜிமெயில் செயலி வழக்கமாக 30 நாள் அஞ்சல்களை ஒத்திசைத்து வைத்துக்கொள்ளும். அந்த எண்ணிக்கையை அமைப்புகளில் மாற்றலாம். தேடலைப் பொறுத்தவரை, கைபேசியில் இருப்பதை மட்டும் தேடுகிறதா, சர்வரைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கிறதா என்று பாருங்கள்.

படம் எடுத்து அனுப்பும் பழக்கம் உங்கள் ஆட்களுக்கு நிச்சயம் இருக்கும். ஜிமெயிலில் அனுப்பும் அஞ்சலின் வரம்பு 25 எம்பி. கோப்பு அஞ்சலுக்குள் போகும்போது மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாக மாற்றி எழுதப்படுவதால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கையில் சுமார் 18 எம்பி கோப்பு இருந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். ஆறேழு படங்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்புகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தொலைந்த கைபேசியை அழிப்பது பற்றிக் கேட்டீர்கள். இங்கே கவனமாக இருங்கள். நான் முன்பு வேலை செய்த இடத்தில், ஒரு விற்பனைப் பிரதிநிதி கைபேசியைக் காணவில்லை என்று மதியம் தகவல் சொன்னார். நிர்வாகி உடனே தொலைவிலிருந்து அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். மாலையில் அது வண்டி இருக்கைக்கு அடியிலிருந்து கிடைத்தது. அஞ்சலோடு சேர்த்து அவருடைய குழந்தையின் படங்களும் போயிருந்தன. ஆக்டிவ்சிங்க் கணக்கை ஆண்ட்ராய்டின் பழைய அஞ்சல் செயலிகளில் சேர்க்கும்போது, ‘எல்லாத் தரவையும் அழிக்கும்’ அனுமதியைக் கேட்டு ஒரு திரை வரும். அதை யாரும் படிப்பதில்லை, ‘சரி’ என்று தட்டிவிடுவார்கள். சொந்தக் கைபேசியில் நிறுவனத்தின் கணக்கை மட்டும் நீக்கும் முறை இப்போது இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பணிக்கென்று தனிச் சுயவிவரமே உருவாக்கலாம். அதற்குள் இருக்கும் செயலிகளும் தரவும் மற்றவற்றோடு கலப்பதில்லை. எந்தக் கட்டளை எதை அழிக்கும் என்பதைச் சோதனைக் காலத்திலேயே ஒரு பழைய கைபேசியில் செய்து பாருங்கள். பணியாளர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் கணக்கைச் சேர்க்க வேண்டும்.

மணிக்கூண்டு

இருவரும் அஞ்சலைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கேள்வியைப் படித்தால், உண்மையில் உங்களுக்குத் தேவைப்படுவது நாள்காட்டி என்றுதான் தோன்றுகிறது; அன்றைய நேர மாற்றம் நாள்காட்டியில் ஏறியிருந்தால் அஞ்சல் தொலைந்ததே தெரிந்திருக்காது.

வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் அதை எப்படிப் பதிவு செய்யப் போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் பணியாளருக்கு அழைப்பு அனுப்பலாம்; ஆனால் அவர் அதை ஏற்கிறாரா, மறுக்கிறாரா, பார்க்கவே இல்லையா என்ற மூன்று நிலைகளைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டும். எல்லா வேலைகளையும் ஒரே பொது நாள்காட்டியில் போடலாம். அப்போது ஒன்பது பேரின் வேலைகளும் ஒரு சிறிய திரையில் குவிந்துகிடக்கும், தன்னுடையதைக் கண்டுபிடிக்கவே நேரமாகும். எங்கள் அனுபவத்தில், ஒவ்வொருவருக்கும் பணிக்கென்று ஒரு நாள்காட்டி வைத்து, அதில் எழுதும் உரிமையை அலுவலகத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதுதான் நின்று நிலைத்தது. பணியாளரின் சொந்த நிகழ்வுகள் அலுவலகத்துக்கு ‘நேரமில்லை’ என்று மட்டும் தெரிந்தால் போதும். பல் மருத்துவரிடம் போகிறார் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ஒரு பொறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாள்காட்டியை ஓர் இணைய முகவரியாக வெளியிட்டு மற்றவர்களைச் சந்தாவாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வசதி எல்லாச் சேவைகளிலும் இருக்கும். பார்ப்பதற்குப் பகிர்வு போலவே இருக்கும். ஆனால் அது படிக்க மட்டுமே பயன்படும். பெறும் பக்கம் தனக்குத் தோன்றியபோதுதான் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும், அதற்குப் பல மணி நேரம்கூட ஆகலாம். விடுமுறைப் பட்டியலுக்கு அது போதும். இன்று மதியத்து வேலைக்கு ஆகாது.

அடுத்ததாக, திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகள். பராமரிப்பு ஒப்பந்தம் என்றால் மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தொடர் பதிவுகள் போடுவீர்கள். அந்தத் தொடரில் ஒரே ஒரு தேதியை மட்டும் நகர்த்தும்போதுதான் ஒத்திசைவுகள் தடுமாறும், அதுவும் ஒரு நிறுவனத்தின் சர்வரும் இன்னொரு நிறுவனத்தின் செயலியும் பேசிக்கொள்ளும் இடத்தில். நான் எந்தச் சேவையைப் பார்த்தாலும் முதல் நாளே இதைச் செய்வேன்: மாதத் தொடர் ஒன்றை உருவாக்கி, மூன்றாவது தேதியை இரண்டு நாள் தள்ளிவைத்து, ஐந்தாவதை நீக்கி, ஆறாவதிலிருந்து நேரத்தை மாற்றிவிட்டு, அதை ஐபோன், ஆண்ட்ராய்டு, கணினி மூன்றிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். மூன்றும் ஒன்றையே காட்டினால்தான் மற்ற வசதிகளைப் பற்றிப் பேச்சு.

கூகுளை எடுத்து, ஐபோனின் சொந்த நாள்காட்டிச் செயலியில் பார்ப்பதாக இருந்தால், பகிரப்பட்ட நாள்காட்டிகள் தாமாக வந்துவிடாது. எவையெவை ஒத்திசைய வேண்டும் என்று கூகுளின் ஒத்திசைவுப் பக்கத்தில் ஒருமுறை குறித்துவிட வேண்டும். இது தெரியாமல் ‘பகிர்வு வேலை செய்யவில்லை’ என்று சேவையையே மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குளிர்ப்பெட்டி

மூவருக்கும் மிக்க நன்றி. மூன்று சேவைகளிலும் சோதனைக் கணக்கு தொடங்கி, இரண்டு பணியாளர்களோடு எட்டு நாள் ஓட்டிப் பார்த்தோம். மணிக்கூண்டு சொன்ன மாதத் தொடர் சோதனையை அந்தந்த நிறுவனத்தின் செயலியில் செய்தபோது மூன்றுமே தேறிவிட்டன. விமானப் பயண நிலைச் சோதனையில், வரைபடம் திறக்கவில்லை என்பதைக் கண்டு, நாளைய வேலைக்கான கோப்புகளை முந்தின நாள் மாலையே ஒருமுறை திறந்து வைத்துவிடும் பழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறோம்.

ஒரு ஆண்ட்ராய்டு கைபேசியில் மட்டும் அறிவிப்பு ஒரு மணி நேரம்கூடத் தாமதித்து வந்தது, எந்தச் சேவையாக இருந்தாலும் அதே தாமதம்தான். கடைசியில் பார்த்தால், பேட்டரியைச் சேமிப்பதற்காக அந்தக் கைபேசி பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவைக்கிறது. அஞ்சல், நாள்காட்டிச் செயலிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. இதை முதலிலேயே கவனிக்காமல் விட்டதால் இரண்டு நாள் சேவைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் உள்ளவர் முழுக்க உலாவியிலேயே வேலை செய்கிறவர். பணியாளர்களில் பலரும் சொந்த அஞ்சலுக்கு ஏற்கெனவே ஜிமெயில் செயலிதான் வைத்திருக்கிறார்கள். புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கூகுள் ஒர்க்ஸ்பேஸை எடுக்கலாம் என்று நினைக்கிறோம்.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. ஒன்பது பேருக்கும் தனித்தனிக் கணக்கு வாங்காமல், இரண்டு கணக்குகளை அவர்களுக்குள் பகிர்ந்துகொள்ளச் செய்தால் செலவு குறையுமே, அதில் என்ன தவறு? பழைய அஞ்சல்களை இழக்காமல் மாறுவது எப்படி?

பழைய நிர்வாகி

கணக்கைப் பகிர வேண்டாம். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கேட்கும்போது குறியீடு யாருடைய கைபேசிக்குப் போகும்? ஒருவர் வேலையை விட்டுப் போனால் மற்றவர்கள் எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். ஒரு கைபேசி தொலைந்தால் கணக்கை முடக்கி மற்றவர்களின் வேலையையும் நிறுத்த வேண்டும். தவிர, நாள்காட்டி ஆளுக்கு ஒன்று என்று முடிவு செய்த பிறகு, இரண்டு கணக்குகளில் அது நடக்காது. சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் பொது முகவரி. அதற்கென்று ஒரு கணக்கு வாங்காதீர்கள்; கூகுளில் அதை ஒரு குழுவாக அமைத்து, வரும் அஞ்சலை மூன்று நான்கு பேருக்குப் போகும்படி செய்யலாம். (மைக்ரோசாஃப்டின் பக்கம் போவோருக்கு: எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் பகிரப்பட்ட அஞ்சல்பெட்டி 50 ஜிபி வரை தனி உரிமம் கேட்பதில்லை, ஆனால் அதைத் திறப்பவர்களுக்கு உரிமம் வேண்டும்.)

பழைய அஞ்சல்களில் சர்வரில் இருப்பவற்றை ஐமேப் வழியாகப் புதிய சேவையே இழுத்துக்கொள்ளும். உங்களுக்குச் சிக்கல், பாப்3 இறக்கிவைத்த அஞ்சல்கள்தான். அவை அலுவலகக் கணினியின் வட்டில் மட்டுமே இருக்கின்றன, வேறெங்கும் இல்லை. இன்றே அந்தக் கோப்புறையை வேறொரு வட்டில் நகலெடுத்துவிடுங்கள். பிறகு அதே அஞ்சல் மென்பொருளில் புதிய கணக்கை ஐமேப் முறையில் சேர்த்து, பழைய கோப்புறைகளை அதற்குள் இழுத்துவிட்டால் மெல்ல ஏறிவிடும். பத்து ஆண்டு அஞ்சல் என்றால் ஓர் இரவில் முடியாது. ஆண்டு ஆண்டாகப் பிரித்து ஏற்றுங்கள்.

அஞ்சலைப் புதிய சேவைக்கு மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே, டிஎன்எஸ்ஸில் (உங்கள் இணையப் பெயருக்கான பதிவேடு) எம்எக்ஸ் பதிவின் (அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) ஆயுளை, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 வினாடியாகக் குறைத்துவிடுங்கள். அப்போதுதான் மாற்றம் விரைவில் பரவும். மாற்றிய பிறகும் பழைய அஞ்சல்பெட்டியை இரண்டு வாரம் உயிரோடு வைத்து, அங்கே தவறி வந்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினியின் பாப்3 கணக்கை அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, அனுப்புநர் அடையாளம். எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்வது) ஒரு டொமைனுக்கு (இணையப் பெயருக்கு) ஒன்றுதான் இருக்கலாம். பழையது இருக்க, புதிய சேவை கொடுத்ததை இரண்டாவதாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. இணையதளத்தின் தொடர்புப் படிவம் பழைய ஹோஸ்டிங்கிலிருந்தே அஞ்சல் அனுப்பும் என்றால், இரண்டு இடங்களையும் ஒரே பதிவுக்குள் எழுதுங்கள். டிகிம் சாவியையும் (அனுப்பும் அஞ்சலில் இடும் மின்கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுவது) நிர்வாகப் பக்கத்தில் உருவாக்கி டிஎன்எஸ்ஸில் போடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும், அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் இவற்றில் ஒன்றையாவது எதிர்பார்க்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளைக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோர் இரண்டோடு டிமார்க்கும் (இந்தச் சோதனைகளில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) வைத்திருக்க வேண்டும். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். இணையதளம் செய்து கொடுத்தவரின் பெயரில் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

குளிர்ப்பெட்டி

பார்த்தேன், டொமைன் அவருடைய பெயரில்தான் இருக்கிறது. கேட்டதும் மாற்றித் தர ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் அவர் பதிவு செய்தபோது கொடுத்திருந்த முகவரி இப்போது அவரிடமே இல்லையாம். பதிவு நிறுவனத்திடம் அடையாளச் சான்று கொடுத்து அதை மீட்டுக்கொண்டிருக்கிறார். எம்எக்ஸ் பதிவைத் தொடுவதை அதுவரை ஒத்திவைத்திருக்கிறோம். இடைப்பட்ட நாட்களில் அலுவலகக் கணினியின் பாப்3-ஐ மட்டும் நிறுத்தி, கோப்புறையை நகலெடுத்துவிட்டு, எல்லாக் கைபேசிகளையும் ஐமேப்புக்கு மாற்றியிருக்கிறோம்.